கல்லூரி வளாகத்தில் குறைந்த செலவில் வலைவழித் தொலைக்காட்சி

(உழவர் நாள் கூட்டத்தில் உழவியல் துறை விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விதை, உரம், களை, நீர் என்று பேச வேண்டிய உழவியல்காரன் தொலைக்காட்சியைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களில் சிலர் எண்ணலாம். நியாயமான எண்ணந்தான். ஆகையால் இந்தப் பேச்சுக்குக் காரணமாக இருந்த நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2018-ஆம் ஆண்டு மழைப் பருவம். மக்காச்சோளத்தில் அமெரிக்கப் படைப்புழு நம் நாட்டுக்குள் முதன்முதலாக நுழைந்த ஆண்டு அது. யாருக்கும் அந்தப் புழுவைப் பற்றிய அனுபவம் கிடையாது. எனவே அவசர அவசரமாக ஒரு நாள் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தோம். ஏறக்குறைய 60 பேர் வந்திருந்தார்கள். இலையின் மேல் முட்டைக் குவியல் எப்படி இருக்கும், இளம் புழு சுரண்டிய இலை எப்படிக் காகிதம் போல் வெளுத்துக் காணும், தலையில் கவிழ்த்துப் போட்ட கவட்டை போன்ற கோடு, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள், தெளிப்பானின் நுனியைக் குருத்துக்கு நேராக எப்படிப் பிடிப்பது ஆகிய எல்லாவற்றையும் காட்டும் படம் ஒன்று எங்களிடம் இருந்தது. எங்கள் சோதனைத் திடலிலேயே எடுத்த படம். அதை இணையத்தில் ஏற்றி வைத்திருந்தோம். பயிற்சிக் கூடத்தில் திரையைக் கட்டி, படத்தை ஓட விட்டோம்.

இரண்டு நிமிடம் ஓடியது. பிறகு திரையின் நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. பின் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "புழுவைப் பார்க்கலாம்னு வந்தோம் தம்பி, சக்கரத்தைத்தான் பார்க்கிறோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு சாக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் வரைந்து காட்டி ஒருவாறு பயிற்சியை முடித்தேன்.

இரண்டு வாரம் கழித்து, அன்று வந்திருந்த பெரம்பலூர் பக்கத்து உழவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "நீங்க சொன்ன மருந்தைத்தான் தம்பி அடிச்சேன். புழு சாகல." நேரில் போய்ப் பார்த்தேன். மூன்று ஏக்கர். பருத்திக்கு அடிப்பது போல, பகல் வெயிலில், இலை மேலாகத் தெளித்துக்கொண்டே வேகமாக நடந்து போயிருக்கிறார். குருத்தை விரித்துப் பார்த்தால் மரத்தூள் போலப் புழுவின் கழிவு அடைத்திருந்தது. அதற்குக் கீழே புழு சுகமாக இருந்தது. மருந்து அதன் மேல் படவே இல்லை. மறுபடியும் மருந்து, மறுபடியும் கூலி. அதற்குள் பாதிக்கு மேற்பட்ட செடிகளில் குருத்து போய்விட்டது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "குருத்துல அடிக்கணும்னு சொன்னது காதுல விழுந்துச்சு. எப்படிப் பிடிக்கிறதுன்னு கண்ணால பார்த்திருந்தா செஞ்சிருப்பேன்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பேச்சு என் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

திரும்பி வரும் வழியில் பேருந்தில் ஒன்று தோன்றியது. அந்தப் படத்தை எடுத்தது எங்கள் திடலில். அதைத் தொகுத்த கணினி பயிற்சிக் கூடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அப்படியிருக்க, அந்தப் படம் எங்கோ தொலைவில் உள்ள ஒரு நிறுவனத்தின் கிடங்குக்குப் போய், அங்கிருந்து மறுபடியும் எங்கள் கல்லூரிக்கு வந்து, கூடத்துத் திரையில் ஏன் விழ வேண்டும்? கொல்லைக் கிணற்றுத் தண்ணீரை லாரியில் ஏற்றி ஊரைச் சுற்றி வந்து முன்வாசலில் இறக்குவது போலல்லவா இது?

வெளி இணைப்பும் உள் இணைப்பும்

ஒரு கல்லூரியில் இரண்டு விதமான இணைப்புகள் உள்ளன என்பதைப் பலரும் பிரித்துப் பார்ப்பதில்லை. முதலாவது, வெளியிலிருந்து வரும் இணைய இணைப்பு. இதற்குத் தொடர்ந்து கட்டணம் செலுத்த வேண்டும், அளவும் குறைவு. ஆய்வுக்கூடம், அலுவலகம், விடுதி, நூலகம் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் இதிலிருந்தே இறைக்கிறார்கள். இரண்டாவது, கட்டடத்துக்குக் கட்டடம் கல்லூரியே போட்டுக்கொண்ட உள் கம்பி வலை. இது ஒரு முறை செலவு. வினாடிக்கு 1000 மெகாபிட் செல்லும் கம்பி இன்று சாதாரணமாகிவிட்டது. ஆனால் பெரும்பாலான இடங்களில் இந்த உள் வலை, வெளியிலிருந்து வருவதைச் சுமந்து செல்வதைத் தவிர வேறு வேலையின்றிச் சும்மா கிடக்கிறது. வெளி இணைப்பு முறை வைத்து வரும் ஆற்றுத் தண்ணீர் என்றால், உள் வலை நம் சொந்த ஏரியும் அதன் வாய்க்கால்களும் ஆகும்.

இப்போது ஒரு கணக்குப் பார்ப்போம். கைப்பேசியிலும் கணினியிலும் சுமாராகத் தெளிவாகத் தெரியும் படத்துக்கு வினாடிக்கு 2 மெகாபிட் போதும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு 3600 வினாடி. ஆக 7200 மெகாபிட். 8 பிட் ஒரு பைட் என்பதால் இது 900 மெகாபைட். அதாவது ஏறக்குறைய ஒரு ஜிகாபைட். உங்கள் பிள்ளைகள் விடுதியிலிருந்து "தினம் ஒன்றரை ஜி.பி. பேக் போட்டேன், பத்தவில்லை" என்று சொல்வது பொய்யல்ல. ஒன்றே முக்கால் மணி நேரம் பாடப் படம் பார்ப்பதற்குள் அது முடிந்துவிடும். கொரோனாத் தொற்றால் 2020-இல் கல்லூரிகள் மூடப்பட்ட பிறகு பாடங்களில் பாதி படமாகவே வரத் தொடங்கிவிட்டன. அந்தப் பழக்கம் கல்லூரிகள் திறந்த பிறகும் போகவில்லை. நெல் விற்ற பணத்தில் ஒரு பகுதி மாதா மாதம் இப்படிப் போகிறது.

இதே கணக்கைக் கல்லூரிப் பக்கம் திருப்பிப் பாருங்கள். 500 மாணவர்கள் ஒரே நேரத்தில் ஒரே பாடத்தை வெளி இணையத்திலிருந்து பார்க்கிறார்கள் என்றால், 500 தடவை 2 மெகாபிட், ஆக 1000 மெகாபிட் தேவை. பார்ப்பது ஒரே படம். ஆனாலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரதி தொலைவிலிருந்து கிளம்பி வருகிறது. அன்று எங்கள் பயிற்சிக் கூடத்தில் சக்கரம் சுற்றியதற்குக் காரணம் இதுதான். விடுதியில் அந்த நேரத்தில் எத்தனை பேர் என்ன பார்த்துக்கொண்டிருந்தார்களோ!

ஒரு பிரதி, பல வாய்

இதற்கு மாற்று வழி ஒன்று உண்டு. இதைக் கணினிக்காரர்கள் மல்டிகாஸ்ட் என்பார்கள். குழுவுக்கு அனுப்புதல் என்று நாம் சொல்லலாம். இதன் விதிமுறையை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவ் டீரிங் என்பவர் வகுத்தார். 1989-இல் அது இணையத்தின் பொது விதிகளில் ஒன்றாக வெளியிடப்பட்டது.

வேலை செய்யும் விதம் உங்களுக்குப் பழகியதுதான். தலைமடையில் ஒரு கணினி உட்கார்ந்து, ஒரு படத்தை ஒரே ஒரு பிரதியாக வாய்க்காலில் விடுகிறது. அந்தப் பிரதிக்கு ஒரு குழு எண் உண்டு. சாதாரணமாக ஒவ்வொரு கணினிக்கும் தனி எண் இருக்கும். 224 முதல் 239 வரையிலான எண்களில் தொடங்கும் முகவரிகளோ குழுக்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. வாய்க்கால் பிரியும் இடந்தோறும் ஸ்விட்ச் என்னும் பெட்டி இருக்கிறது. இதுதான் மடை. கீழே உள்ள ஒரு மாணவர் "எனக்கு இந்தக் குழுவின் படம் வேண்டும்" என்று தம் கணினி வழியே கேட்டால், மடை அந்தப் பக்கம் திறக்கிறது. கேட்காத பக்கம் மூடியே இருக்கும். பார்த்து முடித்தவர் நிறுத்திக்கொண்டால் மடையும் அடைந்துவிடும்.

வாய்க்காலுக்கும் இதற்கும் ஒரே ஒரு வேற்றுமை. தண்ணீரை இரண்டாகப் பிரித்தால் ஆளுக்குப் பாதிதான் கிடைக்கும். இங்கே மடையில் பிரதி எடுக்கப்படுகிறதே தவிரப் பங்கு போடப்படுவதில்லை. ஆகையால் கடைமடைக்காரருக்கும் தலைமடைக்காரருக்குக் கிடைத்த அதே படம் கிடைக்கிறது. நான் கடைமடைப் பகுதியில் பிறந்தவன். இப்படி ஒரு வாய்க்கால் நிலத்துக்கு இல்லையே என்று இதைப் படித்த அன்று நினைத்துக்கொண்டேன்.

கணக்கை மறுபடியும் போடுவோம். 20 அலைவரிசைகளை 2 மெகாபிட் வீதம் விட்டால் மொத்தம் 40 மெகாபிட்தான். பார்ப்பவர் 5 பேரானாலும் 500 பேரானாலும் தலைவாய்க்காலில் அதே 40. 1000 மெகாபிட் கம்பியில் இது ஓர் ஓரத்தில் போகும். வெளி இணையத்திலிருந்து ஒரு சொட்டும் எடுப்பதில்லை.

பிரெஞ்சு மாணவர்கள் செய்த வேலை

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. முப்பது ஆண்டுகளுக்கு முன்பே மாணவர்கள் செய்து காட்டிய வேலை. உங்களில் கைப்பேசி வைத்திருப்பவர்கள் பலர், ஆரஞ்சு நிறத்தில் சாலைக் கூம்பு போட்ட வி.எல்.சி. என்ற செயலியைப் பார்த்திருப்பீர்கள். பேத்தியின் காதணி விழா வீடியோவைக்கூட அதில் போட்டுப் பார்த்திருக்கலாம். அது பிறந்த கதையே கல்லூரி வளாகத் தொலைக்காட்சிக் கதைதான்.

பிரான்சு நாட்டில், பாரிசுக்கு அருகே எகோல் சென்ட்ரால் என்ற புகழ்பெற்ற பொறியியல் கல்லூரி இருந்தது. 2015-இல் அது வேறொரு கல்லூரியுடன் இணைந்துவிட்டது. அங்கே விடுதி வலையை மாணவர்களே நடத்தி வந்தார்கள். 1990-களின் நடுவில் அந்தப் பழைய வலை மிகவும் மந்தமாகிவிட்டது. மாணவர்களுக்கு வேகமான வலை வேண்டும். எதற்கு என்றால், உண்மையைச் சொல்வதானால், கணினியில் ஒருவரோடொருவர் விளையாடுவதற்கு! கல்லூரி நிர்வாகம், "பணம் தர இயலாது, நீங்களே யாரையாவது பிடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டது. தொலைக்காட்சித் தொழிலில் ஈடுபட்டிருந்த ஒரு பெரிய நிறுவனத்தை அணுகினார்கள். இனிமேல் செயற்கைக்கோள் வழித் தொலைக்காட்சிதான் என்ற பேச்சு அங்கே எழுந்தது. ஆனால் விடுதி அறைக்கு ஒரு டிஷ், அறைக்கு ஒரு பெட்டி என்று வாங்கினால் கட்டுப்படியாகுமா? கூரையில் ஒரே ஒரு பெரிய டிஷ் வைத்து, கிடைக்கும் படத்தை வலை வழியே எல்லா அறைகளுக்கும் அனுப்பினால் செலவு எவ்வளவோ குறையும். அதற்கு வேகமான வலையும் தேவைப்படும். மாணவர்கள் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்தார்கள்.

1996-இல் வேலை தொடங்கியது. அக்காலத்தில் செயற்கைக்கோள் படத்தைக் கணினியில் பார்க்க வேண்டுமானால், படத்தை விரித்துக் காட்டுவதற்கென்றே தனி அட்டை ஒன்றைக் கணினிக்குள் பொருத்த வேண்டும், விலையும் அதிகம். அந்த வேலையை மென்பொருளைக் கொண்டே செய்துவிட மாணவர்கள் துணிந்தார்கள். அனுப்பும் பகுதி ஒன்று, வாங்கிக் காட்டும் பகுதி ஒன்று என இரண்டை எழுதினார்கள். 1998-இல் அடியோடு திருத்தி மறுபடியும் எழுதினார்கள். வாங்கிக் காட்டும் பகுதிதான் இன்றைய வி.எல்.சி. 2001 பிப்ரவரி 1 அன்று கல்லூரி நிர்வாகம் இசைவு கொடுக்க, உலகில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று வெளியிட்டார்கள். அந்தக் கூம்புச் சின்னமும் மாணவர்கள் சாலையிலிருந்து தூக்கி வந்து சேர்த்து வைத்திருந்த கூம்புகளின் நினைவாக வந்ததுதான். (இதை என் மாணவர்களிடம் சொல்வதில்லை.)

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பயன் என்னவென்றால், வளாகத்தில் படம் அனுப்புவதற்குத் தேவையான மென்பொருளுக்கு நாம் காசு கொடுக்க வேண்டியதில்லை. நம் வீட்டுக் கணினியில் இருக்கும் அதே வி.எல்.சி. குழுவுக்கு அனுப்பவும் செய்யும்; குழுவிலிருந்து வாங்கிக் காட்டவும் செய்யும்.

அமெரிக்காவிலும் இது போல ஒன்று நடந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் டிவ்லி என்ற பெயரில் வளாகத் தொலைக்காட்சியைத் தொடங்கினார்கள். பிறகு யேல் முதலிய வேறு பல்கலைக்கழகங்களுக்கும் அது பரவியது. 2013-இல் பைலோ என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். 2017 நவம்பரில் மாதம் 16 டாலருக்குப் பொதுமக்களுக்கும் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்நாட்டுக் கேபிள் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இது மிகவும் மலிவு. விலை உயர்ந்த விளையாட்டு அலைவரிசைகளை விட்டுவிட்டதால்தான் அவர்களுக்கு இது கட்டுப்படியானது. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

பைலோ என்ற பெயர் உங்களுக்குச் சொந்தமானது என்றே சொல்லலாம். பைலோ பார்ன்ஸ்வொர்த் என்பவர் அமெரிக்காவில் ஐடகோ மாநிலத்தில் ரிக்பி என்ற ஊருக்கு அருகே பண்ணையில் வளர்ந்த பையன். 14 வயதில் வயலில் வேலை செய்யும்போது, சால் சாலாக ஓடும் நிலத்தைப் பார்த்து, ஒரு படத்தையும் இப்படியே வரி வரியாக உழுது எடுத்துவிடலாமே என்று எண்ணினாராம். பள்ளியில் தம் ஆசிரியர் ஜஸ்டின் டோல்மனிடம் அதைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். 1927 செப்டம்பர் 7 அன்று, சான் பிரான்சிஸ்கோ நகரில், மின்னணு முறையில் முதல் படத்தை அனுப்பினார். படம் என்ன தெரியுமா? ஒரே ஒரு கோடு. பின்னாளில் ஒரு பெரிய நிறுவனம் காப்புரிமை வழக்காடியபோது, அந்தப் பள்ளி ஆசிரியர் வந்து, பையன் அன்று வரைந்ததை நினைவிலிருந்து வரைந்து சாட்சி சொன்னார். பார்ன்ஸ்வொர்த்துக்கே முன்னுரிமை என்று தீர்ப்பானது. ஏர் ஓட்டியவன் கண்ணுக்கு அகப்பட்ட சங்கதி இது.

நம் கல்லூரிகளில் என்ன செய்யலாம்?

இனி நம் ஊர் நிலைமைக்கு வருவோம். தேவையான பொருள்கள் சிலவே. கூரையில் ஒரு டிஷ். செயற்கைக்கோள் அலையை வாங்கும் அட்டை பொருத்திய கணினி ஒன்று. புதிதாக வாங்க வேண்டும் என்பதில்லை, ஆய்வுக்கூடத்தில் ஒதுக்கி வைத்த கணினிகளில் நல்லதாக ஒன்றும் போதும். செயற்கைக்கோளின் ஓர் அலைக்கற்றையிலேயே பல அலைவரிசைகள் சேர்ந்து வருவதால், ஓர் அட்டை கொண்டே அவை அத்தனையையும் பிரித்து வாய்க்காலில் விடலாம். அடுத்து, குழு அனுப்புதலைப் புரிந்துகொண்டு மடை திறந்து மூடத் தெரிந்த ஸ்விட்ச்கள். இதில்தான் சிக்கனம் பார்க்கக் கூடாது. மடை அறியாத மலிவான ஸ்விட்ச், கேட்டவர் கேட்காதவர் எல்லோர் பக்கமும் 20 அலைவரிசைகளையும் திறந்துவிட்டு வளாகத்தையே வெள்ளக்காடாக்கிவிடும்.

எதைக் காட்டுவது? மாதச் சந்தா இல்லாமல் கிடைப்பவையே நிறைய இருக்கின்றன. தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவை 2004 டிசம்பரில் தொடங்கியது. உழவர்களுக்கான டிடி கிசான் 2015 மே 26 முதல் ஒளிபரப்பாகிறது. சுயம் பிரபா என்ற பெயரில் நடுவண் அரசு 2017-இல் 32 கல்வி அலைவரிசைகளைத் தொடங்கிற்று. தமிழ்நாட்டு அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் வந்தது. தூர்தர்ஷன் இலவச டிஷ், சுயம் பிரபா ஆகிய இரண்டும் ஜிசாட்-15 என்ற ஒரே செயற்கைக்கோளிலிருந்து வருவதால் ஒரே டிஷ் போதுமானது. விலை உயர்ந்த விளையாட்டு, திரைப்பட அலைவரிசைகளை விட்டுவிட்டால் செலவு அடங்கும் என்று முன்னே சொன்னது இதற்காகத்தான்.

ஆனால் இலவசமாகக் கிடைக்கிறது என்பதாலேயே எடுத்து அனுப்பிவிடலாம் என்று பொருளல்ல. வீட்டில் பார்ப்பது வேறு, வலையில் ஏற்றிப் பலருக்கு மறு ஒளிபரப்புச் செய்வது வேறு. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் ஒளிபரப்பு நிறுவனத்துக்கும் உரிமை கொடுத்திருக்கிறது. எனவே கல்லூரி நிர்வாகம் எழுத்து மூலம் அனுமதி பெற்றுக்கொண்டே தொடங்க வேண்டும். மாணவர் யாரோ கேபிளில் வருவதைக் கள்ளத்தனமாக இழுத்து விடுதிக்கு விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், வெளி அலைவரிசைகளைவிட முக்கியமானது நம்முடைய சொந்தப் படங்கள். திடலில் எடுத்த படம், நடவு செய்முறை, பூச்சி அடையாளம், கருவியைக் கழற்றிப் பூட்டும் முறை ஆகியவற்றை வளாகத்துக்குள்ளேயே ஒரு கணினியில் சேமித்து வைத்து, குறித்த நேரத்தில் ஓட விடுவதும், வேண்டியபோது எடுத்துப் பார்க்கக் கொடுப்பதும்தான் உண்மையான லாபம். இதற்கு அனுமதியும் வேண்டாம், டிஷ்ஷும் வேண்டாம். எங்கள் கூடத்தில் இப்போது அப்படித்தான் செய்கிறோம். படைப்புழுப் படம் தொடக்கம் முதல் கடைசி வரை தடங்கலின்றி ஓடுகிறது. குருத்தில் தெளிக்கும் இடத்தை மட்டும் மூன்று முறை திருப்பிப் போடுகிறேன்.

இடர்ப்பாடுகளையும் சொல்ல வேண்டும். குழுவுக்கு அனுப்பும் முறை கம்பியில் நன்றாக ஓடும். வைஃபை காற்றில் நொண்டும். கம்பி இல்லாத இணைப்பில் குழுப் படத்தை அனுப்பும் பெட்டி, எல்லோருக்கும் கேட்க வேண்டுமென்று மிகக் குறைந்த வேகத்தில் அனுப்புகிறது. வழியில் ஒரு துண்டு தவறிப்போனால் திருப்பி அனுப்புவதும் இல்லை. ஆகையால் படம் கட்டம் கட்டமாக உடையும். இதைத் தவிர்க்க, காற்றில் போகும் கடைசி ஒரு கட்டத்தில் மட்டும் ஒவ்வொருவருக்கும் தனிப் பிரதியாக மாற்றிக் கொடுக்கும் பெட்டிகள் இருக்கின்றன. அவற்றைத்தான் வாங்க வேண்டும். அப்போதும் ஒரு பெட்டிக்குக் கீழ் கூட்டம் அதிகமானால் திணறும். விடுதி முழுவதும் கைப்பேசியில்தான் பார்க்கப் போகிறது என்றால், சேமித்து வைத்த படத்தை இறக்கிக்கொள்ள விடுவதே மேல்.

மற்றோர் இடர்ப்பாடு இயந்திரத்தில் இல்லை, ஆளிடம் இருக்கிறது. நான் முதுநிலை படித்த விடுதியில் மூத்த மாணவர் ஒருவர் இரவு பகலாக உழைத்து, பாடப் படங்களுக்கென்று ஒரு கணினியை அமைத்தார். அருமையாக ஓடியது. அவர் படிப்பு முடிந்து போனார். கடவுச்சொல்லும் அவரோடு போயிற்று. அடுத்த மாதம் மின்சாரம் போய் வந்தபோது அந்தக் கணினி படுத்தது, எழுப்ப ஆளில்லை. இரண்டு ஆண்டுகள் அதன் மேல் தேநீர்க் குவளை வைத்துக்கொண்டிருந்தோம். பிரான்சு மாணவர்களின் வேலை நிலைத்ததற்குக் காரணம், அங்கே ஒரு மாணவர் சங்கம் இருந்து, போகிறவர் வருகிறவருக்குப் பொறுப்பை ஒப்படைத்தார். நம் கல்லூரிகளில் ஊதியம் பெறும் ஊழியர் ஒருவரின் பெயரில் இந்தப் பொறுப்பை எழுதி வைக்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அத்துடன், 60 பேர் உள்ள சிறு விடுதிக்கு இந்த ஏற்பாடெல்லாம் வேண்டியதே இல்லை. பொதுக்கூடத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் ஓர் இலவச டிஷ்ஷும் போதும்.

உழவர் கேட்ட கேள்விகள்

சென்ற முறை இதைப் பற்றிச் சிறிது பேசியபோது ஒரு தாயார் எழுந்து, "பிள்ளைங்க படிப்பை விட்டுட்டு அதையே பார்த்துக்கிட்டு இருக்காதா சார்?" என்று கேட்டார். அம்மா, அவர்கள் இப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், நீங்கள் அனுப்பும் பணத்தில். வளாக வலையில் என்ன ஓட வேண்டும், இரவு எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்பதைக் கல்லூரி முடிவு செய்யலாம். கைப்பேசி நிறுவனத்தின் இணைப்பில் அந்த முடிவு யார் கையிலும் இல்லை. இதற்கு மேல் என்னால் உறுதி கூற முடியாது. நானும் விடுதியில் இருந்தவன்தான்.

மற்றொருவர், "எங்க ஊருக்கு இந்தக் கம்பி வருமா?" என்று கேட்டார். வராது. வளாகத்தின் சுவரோடு நிற்கும் வாய்க்கால் இது. ஆனால் ஊருக்கே படம் கொண்டு வரும் முயற்சி நம் நாட்டில் பழையது. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, சைட் என்ற திட்டத்தின் கீழ், ஆறு மாநிலங்களில் 2400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோளிலிருந்து நேரடியாகப் படம் இறங்கியது. ஊருக்கு ஒரு பெட்டி, கோழிக்கூண்டு வலை போன்ற கம்பி வலையால் செய்த 10 அடி டிஷ். அதில் உழவு நிகழ்ச்சிகளும் இருந்தன. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. செயற்கைக்கோளை அமெரிக்கா ஓராண்டுக்குத்தான் கடன் கொடுத்திருந்தது. ஆண்டு முடிந்ததும் படமும் நின்றது. கடன் வாங்கிய தண்ணீரில் போகம் வைத்தால் அப்படித்தான்.

ஊருக்கு நாங்கள் செய்யக்கூடியது சிறியது. உழவர் பயிற்சிக் கூடத்தையும் உழவர் தங்கும் விடுதியையும் இந்த வலையில் சேர்த்திருக்கிறோம். பயிற்சிக்கு வராத நாளிலும் நீங்கள் வந்து, கூடத்து ஓரத்தில் உள்ள கணினியில் வேண்டிய படத்தைப் போட்டுப் பார்க்கலாம். வெளி இணைப்பு அறுந்து கிடந்தாலும் அது ஓடும். பென் டிரைவ் கொண்டு வந்தால் படியெடுத்துத் தருவோம். ஊர் நூலகத்திலோ பால் கூட்டுறவுச் சங்கத்திலோ தொலைக்காட்சிப் பெட்டியில் செருகி எல்லோரும் பார்க்கலாம். கைப்பேசியில் ஏற்றிக்கொள்பவர்களுக்கு ஒரு குறிப்பு: பெரிய அளவுப் படம் வேண்டாம், சிறிய அளவு என்று கேளுங்கள், தெளிப்பான் பிடிக்கும் கை நன்றாகவே தெரியும்.

பெரம்பலூர்க்காரர் போன வைகாசியில் வந்திருந்தார். மகனையும் கூட்டி வந்தார். கணினிக்கு முன் உட்கார்ந்து படைப்புழுப் படத்தை முழுவதும் பார்த்தார். கடைசியில், தெளிப்பவர் அணிந்திருந்த கையுறை எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அதை நாங்கள் படத்தில் சொல்லாமல் விட்டிருந்தோம். இப்போது சேர்த்திருக்கிறோம். படத்தைப் பார்ப்பவர்கள் இப்படி விட்டுப்போனது எதுவாக இருந்தாலும் கூடத்தில் வைத்திருக்கும் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்த மாதம் நிலக்கடலைச் சுருள்பூச்சிப் படம் தயாராகிறது. சுருண்ட இலை கண்ட வயல் யாருக்காவது இருந்தால், தெளிக்கும் முன் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்; நாங்கள் வந்து படம் எடுத்துக்கொள்கிறோம்.